ஓதக் காற்றில் துண்டுத்துணி

கொலுவுக்கோ சீமந்தத்துக்கோ போய் வந்தால் வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் வீட்டுக்கு வந்துவிடும். சிலவற்றைத் தைக்கக் கொடுப்போம். மற்றவை பீரோவின் அடித்தட்டில் சேரும். தையற்கடை வெட்டுத்துணி, நைந்த சுங்குடியில் கிழியாத பாகம், முந்தானை மட்டும் மிஞ்சிய பட்டு எல்லாம் மெல்ல அவற்றோடு கலக்கும். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கு இந்தக் குவியல்தான் மூலதனம். மேலே ஒட்டுத்துணி, கீழே ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சோ பழம்புடவையோ வைத்து மூன்றையும் ஊடுருவித் தைக்கும் க்வில்ட் வேலைக்கு 2019இல் சென்னையில் ஒரு விழாவே நடந்தது. துணி சேர்ப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. திருப்போரூர் போன்ற ஊரில் அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பாடு.

ஊருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும், அவற்றுக்கு அப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஓதம் காக்கும். துணிக்கு ஈரம் எவ்வளவு பெரிய பகை என்பதற்கு எகிப்தில் சான்று இருக்கிறது. குஜராத்தில் அச்சடித்துக் கப்பலேற்றிய பருத்தித் துணிகளின் கிழிசல்கள் அந்த நாட்டின் வறண்ட மண்ணில் பல நூற்றாண்டுகள் கிடந்தும் சாயம் மாறாமல் வெளிவந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன. சில ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையானவை. நம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து டச்சுக்காரர்கள் ஏற்றிச் சென்ற மஸ்லினில் ஒரு முழத்தைக்கூட இந்தக் கரையின் வீட்டுப் பெட்டிகளில் எதிர்பார்க்க முடியாது.

ஈரத்தை எல்லா இழைகளும் ஒரே அளவில் குடிப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது ஒரு கிலோ உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 85 கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு 110 கிராம், பாலியெஸ்டர் வெறும் 4 கிராம். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பருத்தியில் பூசணம் பூக்கத் தொடங்கும். கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மொட்டைமாடிக் கொடியில் நாளெல்லாம் கிடக்கும் துணியில் உப்புத்துகள் படியும். தூய உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் நீர் கோத்துக் கரையும். கடலுப்பில் உள்ள மக்னீசிய உப்புகள் அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுக்கும். ஆகவே எடுத்து வைக்கும் துணியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்துவது நல்லது.

எந்த நேரத்தில் பெட்டியை மூடுகிறோம் என்பதும் முக்கியம். பங்குனி, சித்திரையில் முற்பகலில் காற்று காய்ந்திருக்கும். கடல்காற்று இறங்கியதும் ஈரம் ஏறும். அதற்கு முன்பே துணியை அடுக்கி மூடிவிட்டால் உள்ளே அடைபடுவது உலர்ந்த காற்று. மழைநாளில் மூடினால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். நன்றாக மூடும் தகரப் பெட்டி, உள்ளே துவைத்த வெள்ளை வேட்டித் துணி, மூலையில் ஒரு சிறு முடிச்சு சிலிக்கா ஜெல் இருந்தால் போதும். பெட்டி நிறைய இருப்பதும் நல்லதுதான்: பருத்தியே ஈரத்தை வாங்கியும் விட்டும் உள்ளிருக்கும் காற்றைச் சமன் செய்யும். பாதி காலியான பெட்டியில் ஈரம் சட்டென்று மாறும்.

ராமபாணப் பூச்சிக்கும் ஈரம் வேண்டும், கூடவே மாவுச்சத்தும் வேண்டும். கஞ்சி போட்ட துணியை அப்படியே மடித்து வைப்பது அதற்கு விருந்து. பாச்சை உருண்டை போடும் வழக்கத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். ஒட்டுத்துணிப் போர்வைகள் பெரும்பாலும் கைக்குழந்தைக்காகத் தைக்கப்படுகின்றன. அந்த உருண்டையின் நாஃப்தலீன் ஆவி துணியில் தங்கும். ஜி-6-பிடி என்னும் நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். நம் வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

அடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இழையைப் பிரிக்க வேண்டும். சந்தேகமான துணியில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மென்சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றம் தரும். மிஞ்சும் கருமணி விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக இறுகும். ஜரிகை உள்ளதைத் தனியே வையுங்கள். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுக்கச் செய்யும்.

பிறகு நிறம். எல்லாத் துண்டுகளையும் ஒரே அகல அட்டையில் சுற்றி மடித்து, புத்தகம் போல நிறுத்தினால் ஒன்றை எடுக்க மற்றதைக் கலைக்க வேண்டியதில்லை. மடித்தபின் அட்டையை உருவி எடுத்துவிட வேண்டும். உள்ளேயே விட்டால் அதன் அமிலம் காலப்போக்கில் பழுப்புக் கறையாகத் துணியில் இறங்கும். கண்ணாடிக் கதவு அலமாரி அழகுதான், ஆனால் வெளிச்சம் படும் மடிப்பு மட்டும் வெளிறிக் கோடு விழும். ஆண்டுக்கு இரண்டு முறை மடிப்பை மாற்றிப் போட்டால் பட்டு அந்த இடத்தில் இற்றுப்போகாது.

சிவப்பு, கருநீலத் துண்டுகளை அடுக்குவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளியும்வரை தனியே அலச வேண்டும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் சாயம் கசிவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள் நம் மெட்ராஸ் கட்டத் துணியை. சட்டைக்கு அது சரி; வெள்ளையும் சிவப்பும் அடுத்தடுத்து வரும் போர்வையில் ஒரே துவைப்பில் பல மாத உழைப்பு இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு சாணுக்குக் குறைந்த துணுக்குகளை இரண்டரை அங்குலப் பட்டையாகவும் ஐந்து அங்குலச் சதுரமாகவும் வெட்டித் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்கலாம். அதற்கும் தேறாதவை தலையணைக்குள் திணிக்க ஆகும்.