நீர், நிலம், காடு: இவற்றைப் பேணும் தொழில்களும் நம் கிராம இளைஞர்களும்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் எமது ஒன்றிய அலுவலகத்திற்கு வந்து, "பையன் பட்டம் பெற்றுவிட்டான், பெண்ணும் படித்து முடித்துவிட்டாள், இங்கே ஏதேனும் வேலைக்கு வழி உண்டா?" என்று கேட்பது வழக்கம். எழுத்தர் பணியிடங்கள் சிலவே என்று கூறி அவர்களை அனுப்பிவைக்கும்போது எமக்கு மனம் வருந்துவதுண்டு. அதே மேசையின் மீதுதான், நிலத்தையும் நீரையும் முறையாகக் கற்ற ஆள் கிடைக்காமையால் தேங்கிக் கிடக்கும் திட்டக் கோப்புகளும் இருக்கின்றன. வேலை தேடும் பட்டதாரி ஒருபுறம். ஆளைத் தேடும் வேலை மறுபுறம். இவ்விரண்டையும் இணைக்கும் வழியைப் பற்றி இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

ஊருக்கு எவ்வளவு நீர், எவ்வளவு மண்வளம், எவ்வளவு மரம் இருக்கின்றன என்று அளப்பது. யாருக்கு எவ்வளவு என்று முறை வகுப்பது. பேரப்பிள்ளைகள் காலத்திற்கும் மிஞ்சும்படி காப்பது: இம்மூன்றும் சேர்ந்ததே இயற்கை வள ஆளுகை எனப்படும். இன்று இது தனிப் படிப்பும் தனித் தேர்வும் கொண்ட தொழிலாக வளர்ந்திருக்கிறது.

பழைய ஏற்பாடு

நமக்கு இது புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரலாகாது என்பது அங்கே கண்ட விதி. பிற்காலத்தில், ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல்லாகக் கூலி அளந்தனர். வயலுக்கு வயல் எவ்வளவு நீர் என்பது அவர் கணக்கில் இருந்தது.

கண்ணுக்குத் தெரிந்த ஏரி நீருக்கு அந்த அனுபவ அறிவு போதுமானதாய் இருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின்னர், ஊரின் நீரில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கிலிருந்து வருகிறது. அதை அளப்பதற்குக் கருவியும் கல்வியும் வேண்டும். தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் பகுதி வாரியாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுதோறும் பூமிக்குள் சேர்ந்து எடுப்பதற்கு உரியதாகும் நீரில் 100க்கு 70 பங்கு வரையில் எடுக்கப்பட்டால் அது பாதுகாப்பான பகுதி. 90 பங்கைக் கடந்தால் அபாய நிலை. 100ஐயும் கடந்தால் மிகை நுகர்வு. வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பத்தின் நிலை என்னவோ, அதுவே அப்பகுதியின் நிலை. தம் ஊர் எந்த வகையில் அடங்கியது என்பதை அறிந்த ஊராட்சி உறுப்பினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

எமக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், எமது பொறுப்பில் இருந்த ஓர் ஊராட்சியில் கசிவுநீர்க் குட்டை ஒன்று வெட்டப்பட்டது. சாலையோரம் புறம்போக்கு நிலம் இருந்தது; வண்டி போய்வர வசதி; ஆண்டு முடிவதற்குள் நிதியைச் செலவிட வேண்டும் என்ற அவசரம். "அங்கே அடியெல்லாம் களி ஐயா, தண்ணீர் இறங்காது" என்று முதிய விவசாயி ஒருவர் கூறினார். அதை எடுத்து ஆராயும் ஆள் எம்மிடம் இல்லை. மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, நாம் கையொப்பமிட்டோம். மழை பெய்தது, குட்டையும் நிறைந்தது. எருமைகள் படுத்துச் சுகித்தன. நீரைக் குடித்தது வெயிலே. கீழேயுள்ள கிணறுகளில் ஒரு சாணும் ஏறவில்லை.

அடுத்த ஆண்டு விடுமுறையில், அவ்வூர் விவசாயி ஒருவரின் மகள், கல்லூரியில் நிலவியல் பயில்பவர், எம்மிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பெற்றார். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரு கயிறும் அளவுகோலும் கொண்டு அளந்தார். கிணறு வெட்டியவர்களிடம் எந்த ஆழத்தில் என்ன மண், என்ன கல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மேற்கே ஓடை திரும்பும் இடத்தில் சிதைந்த பாறையும் மணலும் இருப்பதால் நீர் அங்கேதான் இறங்கும் என்று காட்டினார். பொறியாளர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னர் அங்கே ஒரு சிறு தடுப்பணை எழுந்தது. மழைக்குப் பிறகு சில கிணறுகளில் நீர் உயர்ந்ததை அவரே அளந்து கிராம சபையில் படித்துக் காட்டினார். முதற் குட்டைக்குச் செலவான பணம் மீளவில்லை. ஆனால் ஊருக்குள் அறிந்த ஆள் ஒருவர் இருப்பதன் மதிப்பை நாம் அன்று உணர்ந்தோம்.

என்னென்ன தொழில்கள்?

முதலாவது, நிலத்தடி நீர் வல்லுநர் தொழில். நிலவியல் பயின்று மேற்பட்டம் பெற்றவர்கள், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வின் வாயிலாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும் சேரலாம். மாநில நீர்வளத் துறையிலும் இவர்களுக்குப் பணி உண்டு.

இரண்டாவது, வேளாண் பொறியாளர் தொழில். சரிவான நிலத்தில் மண் அரிக்காமல் வரப்பு அமைப்பதும், ஓடையின் வேகத்தைத் தணிப்பதும், நீர்வடிப்பகுதி முழுவதற்கும் திட்டம் தீட்டுவதும் இவர் பணி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கோவையிலும் திருச்சிராப்பள்ளி மாவட்டம் குமுளூரிலும் இதற்குரிய கல்லூரிகள் உள்ளன.

மூன்றாவது, வனப் பணி. 1966ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்திய வனப் பணிக்கு அறிவியல், வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் உரிய பட்டம் பெற்றவர்கள் தேர்வு எழுதலாம். தேர்வு பெற்றோர்க்கு டேராடூனில் பயிற்சி. மாநிலப் பணியாளர் தேர்வாணையம் வனத் தொழிற்பயிலுநர் பதவிக்குத் தேர்வு நடத்துகிறது. வனவியல் கற்க மேட்டுப்பாளையத்தில் கல்லூரி உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றந்தோறும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, ஊரின் மரம், செடி, கால்நடை இனம், நாட்டு விதை ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஊரறிந்த ஒருவர் இக்கல்வியும் பெற்றிருந்தால் அப்பதிவேடு உயிருள்ளதாக அமையும்.

நான்காவது, ஊரக மேலாண்மை. ஏரிப் பாசன சங்கத்தையும் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் நடத்தக் கணக்கும் பேச்சும் பொறுமையும் தெரிந்தவர் வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம், 1982இல் போபாலில் தோன்றிய இந்திய வன மேலாண்மை நிறுவனம் ஆகியவை இத்துறையில் பயிற்சி அளிக்கின்றன. 1979இல் குஜராத்தின் ஆனந்தில் தோன்றிய ஊரக மேலாண்மை நிறுவனம், 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றது. தேசிய வேளாண்மை ஊரக வளர்ச்சி வங்கி, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்றவை இத்தகையோரைப் பணிக்கு அமர்த்துகின்றன.

ஐந்தாவது, கொள்கை வகுக்கும் பணி. கரிசல் பூமிக்கும் செம்மண் மேட்டிற்கும் ஒரே அளவுக் குட்டையை விதிக்கும் திட்டம் எங்கேனும் உருவானால், அது இரண்டில் ஓரிடத்திலேனும் தவறும். இதைத் தலைநகரில் எடுத்துரைக்கப் பொருளாதாரமும் புள்ளியியலும் சட்டமும் கற்றவர்கள் வேண்டும். அவர்கள் வயல் வரப்பில் நடந்தவர்களாகவும் இருத்தல் நன்று. 1971இல் சென்னையில் நிறுவப்பட்ட வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஆய்வுகளுக்குப் பெயர் பெற்றது.

ஒன்றை மறைக்காமற் கூறுதல் எம் கடமை. அரசுப் பதவிகள் எண்ணிக்கையில் குறைவு. தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். தொண்டு நிறுவனங்களில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் சிறிது. பணியும் ஒப்பந்த முறையில் அமைவதுண்டு. ஆகவே ஆர்வமுள்ள பிள்ளையை அனுப்புங்கள், வற்புறுத்தி அனுப்பாதீர்கள்.

ஊராட்சி செய்யத்தக்கவை

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. நில மேம்பாடு, சிறுபாசனம், நீர்வடிப்பகுதி மேம்பாடு, சமூகக் காடு வளர்ப்பு ஆகியன அவற்றுள் அடங்கும். அறிவு வெளியூரிலும் கையொப்பம் உள்ளூரிலும் இருக்குமானால், பிழையின் சுமை ஊரின் மீதே விழும். இதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் செய்யலாம்.

முதலில், மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியரை அழைத்து மேற்சொன்ன படிப்புகளைப் பற்றி ஒரு நாள் பேச ஏற்பாடு செய்யுங்கள். நம் மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. அளக்கும் தொழிலிலும் பெண்பிள்ளைகள் பின்தங்கலாகாது.

அடுத்து, விடுமுறையில் வரும் மாணவரிடம் ஊர் வரைபடத்தைக் கொடுத்து, மே மாதத்திலும் ஜனவரியிலும் பத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து தரச் சொல்லுங்கள். ஒரு மழைமானியும் வையுங்கள். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். இக்கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், எவ்வளவு வருகிறது, எவ்வளவு ஓடிப்போகிறது என்ற கேள்வி தானே எழும்.

மூன்றாவதாக, உலக நீர் நாளாகிய மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் அவ்வளவுகளைப் படிக்கச் செய்யுங்கள். புதிய நீர்ப்பணி எதற்கும் தீர்மானம் போடுமுன், "இவ்விடத்தில் மண் என்ன? நீர் எங்கிருந்து வரும்? எங்கே இறங்கும்? எந்தக் கிணறுகளுக்குப் பயன்?" என்று எம்மைப் போன்ற அலுவலரைக் கேளுங்கள். விடை கூற இயலாத அலுவலர் வல்லுநரை அழைத்து வரட்டும். பணி ஒரு மாதம் தாமதித்தாலும் பாதகமில்லை.

களியில் வெட்டிய அக்குட்டை இன்றும் சாலையோரம் இருக்கிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம், அன்று அம்முதியவர் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எமக்கு வருகிறது. அவர் அறிந்ததைக் கணக்காக்கிக் காட்டும் பிள்ளைகள் ஊருக்கு ஒருவரேனும் உருவாக ஊராட்சி மன்றங்கள் முன்வரும் என நம்புகிறோம்.