மணல்தான் ஆற்றின் சேமிப்பு



போன மாதம் மோகனூர் பக்கம் ஒரு குழுவின் கடன் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு கடன்கள். ஒரு அக்கா கிணற்றை ஆழப்படுத்த வாங்கி இருக்கிறார். "தண்ணி கீழ போயிருச்சுங்க, மோட்டார் காத்துதான் இழுக்குது" என்றார். அடுத்த வரியில் இன்னொரு அக்கா மாட்டு வண்டி வாங்கக் கடன் எடுத்து இருக்கிறார். "வண்டி எதுக்குங்க அக்கா?" என்று கேட்டேன். "எதுக்கு, மணல் அடிக்கத்தான். எங்க வீட்டுக்காரருக்கு வேற என்ன வேலை இருக்குது?" என்றார்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து இருந்தார்கள். இந்த இரண்டு கடனுக்கும் சம்பந்தம் உண்டு. அதைத்தான் இந்த மாதம் நாம் பேசப் போகிறோம்.

மணல் என்ன வேலை செய்கிறது?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரு பாத்திரத்தில் பத்து டம்ளர் காய்ந்த மணலைப் போடுங்கள். அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறக்குறைய மூன்று டம்ளர் தண்ணீர் உள்ளே போன பிறகுதான் மேலே தண்ணீர் நிற்கும். காவிரியில் கிடக்கும் மணலும் இப்படித்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஆற்றில் ஓட்டம் நின்ற பிறகும் ஊற்று தோண்டினால் தண்ணீர் வருவது இதனால்தான். கரையோரக் கிணறுகளுக்கு ஊறுவதும் இந்தத் தண்ணீர்தான்.

மணலை ஆழமாக அள்ளினால் ஆற்றின் தரை இறங்கிவிடும். தண்ணீர் எப்போதும் பள்ளத்தைப் பார்த்துத்தான் போகும். அதனால் நம் கிணற்றில் இருக்கும் தண்ணீரும் ஆற்றுப் பள்ளத்துக்கு வடியும். வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிடும், ஆற்றுத் தண்ணீர் அதில் ஏறாது. வாழை, வெற்றிலை, கரும்பு எல்லாம் வாய்க்காலையும் கிணற்றையும் நம்பித்தானே இருக்கிறது!

அள்ளிய மணல் ஏன் திரும்பி வரவில்லை?

"அந்தக் காலத்திலும் வீடு கட்ட மணல் எடுத்தார்களே, ஆறு கெட்டா போச்சு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு எடுத்தது கொஞ்சம். அடுத்த வெள்ளம் மேலே இருந்து புது மணலைக் கொண்டு வந்து போட்டது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அணை தண்ணீரைத் திறந்து விடுகிறது, ஆனால் மணலும் வண்டலும் பெரும்பாலும் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பவானி ஆற்றிலும் 1955-ல் பவானிசாகர் அணை வந்துவிட்டது.

நம் பாஷையில் சொன்னால், மணல் என்பது ஆற்றின் சேமிப்பு. அதில் கிடைக்கும் தண்ணீர் வட்டி. மாதச் சந்தா வருவது குறைந்துபோன குழுவில் சேமிப்புப் பணத்தையும் எடுத்துச் செலவு செய்தால் குழு நிற்குமா? காவிரிக்கு நடந்தது இதுதான்.

மற்ற இடங்கள் சொல்லும் பாடம்

2018 ஆகஸ்டில் காவிரியில் பெரு வெள்ளம் வந்தது. நமக்குக் கீழே முக்கொம்பில், 1830-களில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் ஒரே இரவில் அடித்துப் போயின. பல ஆண்டு மணல் அள்ளியதும் ஒரு காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள்.

தாமிரபரணியில் மணல் கொள்ளையை எதிர்த்து மூத்த தலைவர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2010 டிசம்பரில் நீதிமன்றம் அந்த ஆற்றில் ஐந்து ஆண்டுகள் மணல் அள்ளத் தடை போட்டது.

நம் மாநிலத்தில் 2003 முதல் ஆற்று மணல் குவாரியைத் தனியார் நடத்த முடியாது, அரசுதான் நடத்த வேண்டும். பாலம், குடிநீர்த் திட்டக் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றில் இருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. நாமக்கல் ஊருக்குக் குடிநீர் மோகனூர்க் காவிரியில் இருந்து போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

கெட்டதைச் சரி செய்ய முடியுமா?

அள்ளிய மணல் முழுவதையும் திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனால் அள்ளுவதை நிறுத்திவிட்டு, ஆற்றுக்கு வரும் ஓடைகளிலும் தோட்டங்களிலும் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கினால் கிணறுகள் தேறும். வேலூர் மாவட்டத்தில் வறண்டுபோன நாகநதிக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் 100 நாள் வேலையில் சிமெண்ட் உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள், சிறு தடுப்புகள் கட்டினார்கள். 2014 வாக்கில் தொடங்கிய அந்த வேலையைப் பிரதமர் 2021-ல் வானொலியில் பாராட்டினார். அந்த மண்ணைத் தோண்டியது நம்மைப் போன்ற பெண்கள்தான்.

நம் குழுக்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் ஊரில் ஐந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை கயிறு விட்டு தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். எழுதி வைத்த கணக்குக்கு அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2. வயதானவர்களிடம் கேளுங்கள். முன்பு எத்தனை அடியில் ஊற்று வந்தது? எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் ஓடியது? அதையும் எழுதுங்கள். எந்த ஓடையை முதலில் சரி செய்வது என்று அதில் தெரியும்.

3. கிராம சபையில் ஓடை தூர் வாருதல், பண்ணைக் குட்டை, தடுப்பணை ஆகியவற்றுக்குத் தீர்மானம் கேளுங்கள். மார்ச் 22 தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு.

4. மணல் எடுத்த குழி ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. குளிக்கப் போகும் பிள்ளைகளைக் கட்டாயம் எச்சரியுங்கள். குழி இருக்கும் இடத்தை ஊராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள்.

5. மணல் வேலையை நம்பி இருக்கும் குடும்பத்தைத் திட்டாதீர்கள். கறவை மாடு, ஆடு, சிறு கடை என்று மாற்றுத் தொழிலுக்கு உள்கடனில் அவர்களுக்கு முதல் இடம் கொடுங்கள்.

மாட்டு வண்டி வாங்கிய அக்காவிடம் நான் "வண்டியை வித்துடுங்க" என்று சொல்லவில்லை. "உங்க வீட்டுக் கிணத்துல இப்ப எத்தனை அடிங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த மாசம் அளந்து சொல்றேன்" என்றார். நீங்களும் உங்கள் கிணற்றை அளந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.