சிரட்டை வயலும் ஈர்க்கு நட்சத்திரமும்: நத்தாருக்குப் பிள்ளைகளோடு செய்யக்கூடிய கைவேலைகள்

நத்தார் நெருங்கும்போது கொழும்புக் கடைவாசல்களில் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கைகாட்டிக் கேட்பார்கள். வாடகைக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் எண்ணியெண்ணிப் பணம் வைக்கும் பெற்றோருக்கு அது சங்கடமான நேரம்.

போர்க்காலத்தில் தோட்டத்தையும் வயலையும் விட்டு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒற்றை அறைகளில் ஒதுங்கிய கமக்காரக் குடும்பங்கள் பல. அவற்றுட் சில இங்கேயே தங்கிவிட்டன. அன்று கைப்பிள்ளைகளாக வந்தவர்களுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருமுறை நாங்கள் அப்படிப்பட்ட குடும்பங்களோடு பாலன் குடில் செய்ய உட்கார்ந்தோம். முதியவர் ஒருவர் குடிலருகே ஈர்க்கினால் ஒரு துலாக் கட்டினார். பேரன் அதைப் பார்த்து, "அப்பப்பா, இது கிரேனா?" என்று கேட்டான். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஆடுகால் எது, துலாக்கொடி எது, பட்டை எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அன்று மாலை முழுவதும் அந்தப் பிள்ளை அவரை விட்டு அகலவில்லை.

கைவேலையின் பெரும் பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். கை வேலை செய்யும்போது வாய் கதை சொல்லும். பின்வரும் மூன்றையும் அதிகச் செலவின்றிச் செய்யலாம்.

1. சிரட்டை வயல்

இதை டிசெம்பர் 13இல் தொடங்குங்கள். அன்று புனித லூசியாவின் திருநாள். கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. லூசியா என்ற பெயர் ஒளி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஹங்கேரி நாட்டுக் கிராமத்தவர் இந்நாளில் ஒரு தட்டில் கோதுமை விதைத்து, நத்தாருக்குள் பச்சைப் பயிராக வளர்த்தெடுப்பார்கள். நமக்கு நெல் இருக்கிறது.

ஊரிலிருந்து ஒரு பிடி விதைநெல் வருவித்துக்கொள்ளுங்கள். அவித்த நெல் முளைக்காது என்பது உங்களுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அதையும் சொல்லிக்கொடுங்கள். நெல் கிடைக்காவிட்டால் கடையில் வாங்கும் குரக்கனும் பயறும் போதும். நெல்லை இரண்டு நாள் முன்னதாக, 11ஆந் திகதி, ஊறவையுங்கள். மறுநாள் நீரை வடித்து ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள். 13இல் முளை தலைகாட்டும். கண் துளைத்த சிரட்டைகளில் மண் நிரப்பி, நெருக்கமாகத் தூவி, வெளிச்சம் படும் யன்னலில் வையுங்கள். தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. பன்னிரண்டு நாளில் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை வயல் நிற்கும். அந்த நேரம் வன்னியில் காலபோகப் பயிர் எப்படி நிற்கும் என்பதைச் சொல்ல வேறு சந்தர்ப்பம் தேவையில்லை.

2. ஈர்க்கு நட்சத்திரம்

தேய்ந்த ஈர்க்கு விளக்குமாறு ஒன்று போதும். நாலு ஈர்க்கைச் சேர்த்து நூலால் சுற்றி ஒரு தடியாக்குங்கள். இரண்டின் தடித்த முனை ஒரு பக்கமும் மற்ற இரண்டின் தடித்த முனை மறுபக்கமும் வரட்டும். அப்போதுதான் தடி வளையாது. ஒன்றரை அடி நீளத்தில் பத்துத் தடிகள் வேண்டும். ஐந்து தடிகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இப்படி இரண்டு செய்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே தடிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் மூன்று அங்குலக் குச்சிகளைக் குறுக்கே நிறுத்திக் கட்டினால் நட்சத்திரம் புடைத்துக்கொள்ளும்.

இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறிது பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கோப்பை கொதிநீரில் ஊற்றிக் கிண்டினால் பசை தயார். பட்டம் கட்டும் மெல்லிய தாளை ஒட்டுங்கள். வெசாக் கூடு கட்டும் அயல்வீட்டாருக்கும் இந்த வேலை நன்கு தெரியும். அவர்களிடம் கேட்டுப் பழகுவது நல்லது. உள்ளே மெழுகுதிரி வைக்கவே கூடாது. ஒற்றை அறையில் தீப்பிடித்தால் ஓட வழியிராது. சிறிய ரோச் லைற்றே போதும்.

3. நமது ஊர்க் குடில்

1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, வைக்கோலையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவரச் செய்தார். அந்த ஊர் மக்களுக்குப் பழக்கமான பொருட்களே அவை. நாமும் அவ்வாறே செய்வோம். ஒரு மட்டைப்பெட்டியைச் சரித்து வைத்தால் அதுவே கொட்டில். பழைய பத்திரிகைத் தாளை இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, பசையோடு பிசைந்து உருவங்கள் பிடியுங்கள். காய ஒரு கிழமையாவது செல்லும். வெள்ளவத்தைத் தையற்கடைகளில் கழிக்கும் துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கினால் மரியாளுக்குச் சேலையும் சூசைக்குச் சால்வையும் ஆகும். பிறகு கிணறு, துலா, பனை, படலை எல்லாம் உங்கள் ஊரில் எந்த இடத்தில் இருந்தனவோ அந்த இடத்திலேயே வையுங்கள். காணியின் எல்லையைப் பிள்ளையின் விரலால் கீறச் செய்யுங்கள்.

திருக்குடும்பமும் சத்திரத்தில் இடமின்றி அலைந்தது. பின்னர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது. அங்கே இருந்த காலத்தில் தங்கள் ஊரைப் பற்றி மரியாளும் சூசையும் அந்தக் குழந்தைக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

நத்தார் முடிந்ததும் குடிலைக் கலைத்துவிடுவோம். சிரட்டைப் பயிரை மட்டும் எறிந்துவிடாதீர்கள். தைப்பொங்கல் வரைக்கும் பிள்ளை அதற்குத் தண்ணீர் ஊற்றட்டும்.