பெயரும் முகவரியும்: வீட்டுக் கணனி வலையமைப்பில் டி.என்.எஸ்.

"இணையம் வேலை செய்யவில்லை" என்று பிள்ளைகள் முறையிட்டதும் ரவுட்டரை நிறுத்தி மீண்டும் போடுவதோடு பெரும்பாலான வீடுகளில் முயற்சி முடிந்துவிடுகின்றது. சில வேளைகளில் அது பயன் தரும். பல வேளைகளில் தராது. தொடர்பு அறுந்திருப்பது ஒரு நோய். தொடர்பு இருந்தும், பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டுபிடிக்க இயலாதிருப்பது வேறொரு நோய். இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மீள்குடியேறிய பல குடும்பங்களில் இன்று பழைய கணனி ஒன்று இருக்கின்றது. லினக்ஸ் இயங்குதளம் இலவசமானது. பழைய கணனியிலும் ஓடும். அதில் பிள்ளைகளின் பாடங்களையும், காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் பிரதிகளையும் சேமித்து, வீட்டிலுள்ள ஏனைய கணனிகளில் இருந்தும் கைத்தொலைபேசியில் இருந்தும் பார்க்கலாம். வெளி இணையம் இல்லாத நாளிலும் இது இயங்கும். ஓடும்போது ஆவணங்களை இழந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

பெயர் நிலைக்கும், முகவரி மாறும்

வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணனிக்கும் 192.168.1.10 என்பது போன்ற ஓர் இலக்க முகவரி உண்டு. மனிதருக்கு இலக்கங்கள் நினைவில் நிற்பதில்லை, பெயர்கள் நிற்கும். பெயரைச் சொன்னால் இலக்கத்தைத் தரும் பதிவேடுதான் டி.என்.எஸ்.

2006 ஆம் ஆண்டில் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். ஆட்களின் பெயர் மாறவில்லை. இருக்கும் இடம் மாறியது. யார் எங்கே இருக்கின்றார் என்ற பதிவு திருத்தப்பட்டிருந்தால் கடிதம் கைக்குக் கிடைத்தது. இல்லையேல் பழைய இடத்துக்கே போனது. டி.என்.எஸ். செய்வதும், சில வேளை செய்யத் தவறுவதும் இதுவே.

முற்காலத்தில் எல்லாக் கணனிகளின் பெயர்களும் கலிபோர்னியாவில் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்தார்கள். கணனிகள் பெருகியபோது இம்முறை தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர், ஒவ்வொரு பகுதிக்கும் அப்பகுதியாரே பதிவேடு வைக்கும் முறையை வகுத்தார். மேலே வேர்ப் பதிவேடு. அதன் கீழ் நாடுகளின் பதிவேடுகள். அவற்றின் கீழ் நிறுவனங்களின் பதிவேடுகள். மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்ற ஒழுங்கைப் போன்றது இது.

இலங்கைக்குரிய '.எல்கே' என்ற முடிவு 1990 இல் பதிவானது. 2010 இல் '.இலங்கை' எனத் தமிழ் எழுத்திலும், சிங்கள எழுத்திலும் பெயர்கள் சேர்க்கப்பட்டன. தமிழ்ப் பெயரைக் கணனி உள்ளுக்குள் ரோம எழுத்துக் கோவையாக மாற்றியே பதிவேட்டில் தேடுகின்றது. ஆகவே வீட்டுப் பதிவேட்டில் பெயர்களை ரோம எழுத்தில் எழுதுவது இலகு.

வீட்டுப் பதிவேட்டை அமைத்தல்

இங்கே தமிழில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கணனியில் ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

1. எப்போதும் இயங்கும் ஒரு லினக்ஸ் கணனியைத் தெரிவு செய்து, அதற்கு மாறாத முகவரி கொடுங்கள். உதாரணம்: 192.168.1.10. ரவுட்டர் தானாகப் பகிரும் இலக்கங்களுக்குள் இது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. 'டிஎன்எஸ்மாஸ்க்' என்ற மென்பொருளை நிறுவுங்கள். இறுதி எழுத்து 'கியூ'. உபுண்டுவில் வேறொரு சேவை ஏற்கெனவே 53 ஆம் இலக்க போர்ட்டைப் பிடித்திருப்பதால், "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற செய்தி வரலாம். 'ரிசால்வ்ட்.கான்ஃப்' கோப்பில் 'டிஎன்எஸ்ஸ்டப்லிசனர்=நோ' என எழுதி, அச்சேவையை மீளத் தொடங்கினால் போர்ட் விடுபடும். மென்பொருளை இறக்கிய பின்னரே இதைச் செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் இறக்குவதற்கே பெயர் கிடைக்காமற் போகலாம்.

3. 'இடிசி' கோப்புறையிலுள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் ஒரு வரிக்கு ஒரு கணனியாக எழுதுங்கள்: முதலில் இலக்கம், பின் பெயர். உதாரணம்: '192.168.1.10 நூலகம்.ஹோம்.ஆர்ப்பா நூலகம்'. 'ஹோம்.ஆர்ப்பா' என்பது வீட்டு வலையமைப்புக்கென்றே 2018 இல் ஒதுக்கப்பட்ட முடிவு. '.லோக்கல்' என்பது வேறொரு முறைக்குரியது, அதைத் தவிர்க்கவும்.

டெபியன், உபுண்டு கணனிகளில் இதே கோப்பில் கணனியின் சொந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருப்பதுண்டு. அதன் பொருள் "நானே" என்பதாகும். அந்த வரி அப்படியே இருந்தால், கேட்கும் கணனி தன்னிடமே போய் முட்டி நிற்கும். அப்பெயருக்கு உண்மையான இலக்கத்தைக் கொடுங்கள்.

4. வெளிப் பெயர்களை எங்கே கேட்பது என்பதை 'டிஎன்எஸ்மாஸ்க்.கான்ஃப்' கோப்பில் 'நோ-ரிசால்வ்' என்றும், அடுத்த வரியில் 'சேர்வர்=8.8.8.8' என்றும் எழுதுங்கள். பின் மென்பொருளை மீளத் தொடங்குங்கள். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இது அவசியம்.

5. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். முகவரியாக 192.168.1.10 ஐ மட்டும் கொடுங்கள். பாதுகாப்புக்கென இரண்டாவதாக வெளி முகவரியைச் சேர்த்தால், சில கணனிகள் அங்கே போய்க் கேட்கும்; அங்கே உங்கள் 'நூலகம்' இல்லை. பெயர் ஒரு நேரம் கிடைத்து ஒரு நேரம் கிடைக்காமல் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பிழை காணும் ஒழுங்கு

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நேரே கந்தளாய்க் குளத்துக்கு ஓடுவதில்லை. முதலில் எமது வாய்க்காலைப் பார்ப்போம், பின் மதகு, பின் பெரிய வாய்க்கால். இங்கும் கிட்ட இருந்து எட்டச் செல்லுங்கள்.

முதற்படி: மின்சாரம், கம்பி, ரவுட்டரின் விளக்குகள் ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டாம் படி: 'பிங் 192.168.1.1' என்று ரவுட்டரைக் கூப்பிடுங்கள். ரவுட்டரின் இலக்கம் வேறானால் அதைப் போடவும். பதில் இல்லையெனில் பிழை வீட்டுக்குள்ளேயே.

மூன்றாம் படி: 'பிங் 8.8.8.8'. ரவுட்டர் பதில் தந்து இது தராவிட்டால் வெளித்தொடர்பு இல்லை. தொலைபேசி நிறுவனத்தை அழைக்க வேண்டிய நேரம் இதுவே.

நான்காம் படி: இலக்கம் பதில் தந்தும் பெயர் வேலை செய்யாவிட்டால் நோய் டி.என்.எஸ்.இல் உள்ளது. 'டிக்' கட்டளையால் ஒரே வெளிப் பெயரை முதலில் 192.168.1.10 இடமும், பின்னர் 8.8.8.8 இடமும் கேளுங்கள். வெளியே பதில் வந்து வீட்டில் வராவிட்டால் வீட்டுப் பதிவேட்டைத் திருத்த வேண்டும்.

கிடைக்கும் பதிலைக் கவனமாக வாசியுங்கள். 'என்எக்ஸ்டொமைன்' என்றால் "அப்படியொரு பெயர் இல்லை" என்பது பொருள். எழுத்துப் பிழையைத் தேடுங்கள். 'சேர்வ்ஃபெயில்' என்றால் பதிவேட்டுக்காரர் தேடியும் விடை பெற முடியவில்லை. நேரம் கடந்தும் மௌனமே பதிலானால், மென்பொருள் நின்றிருக்கலாம், அல்லது 53 ஆம் போர்ட்டைத் தீச்சுவர் மறித்திருக்கலாம். "இல்லை" என்பதும் மௌனமும் ஒன்றல்ல.

கைத்தொலைபேசியில் மட்டும் வீட்டுப் பெயர் கிடைக்காவிட்டால், அதன் 'பிரைவேட் டி.என்.எஸ்.' அமைப்பு உங்கள் பதிவேட்டைத் தாண்டி வெளியே கேட்கின்றதா எனப் பாருங்கள்.

வெளித்தளம் ஒன்று இடம் மாறிய பின்னும் பழைய முகவரி வருவது பிழையல்ல. ஒவ்வொரு பதிலுக்கும் செக்கன்களில் ஓர் ஆயுட்காலம் உண்டு. 3600 என்றால் ஒரு மணித்தியாலம். அதுவரை இடையிலுள்ளவர்கள் பழைய பதிலையே வைத்திருப்பார்கள்.

பதிவேட்டைக் கைப்பற்றுவோர்

பதிவேட்டை மாற்றுபவர் மக்களைத் தாம் விரும்பிய இடத்துக்கு அனுப்பலாம். 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி '.எல்கே' பதிவேடு தாக்கப்பட்டது. கூகிளின் இலங்கைத் தளம் உட்படச் சில தளங்களைத் தேடியவர்கள், அரசியல் வாசகங்கள் கொண்ட வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அத்தளங்களின் கணனிகளைத் தொடாமல், அவற்றுக்கு வழிகாட்டும் பதிவே மாற்றப்பட்டிருந்தது.

வீட்டு ரவுட்டருக்கும் இது நேரலாம். வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் பணத்தைப் பார்க்க வங்கியின் பெயரைத் தட்டும்போது, போலிப் பக்கம் ஒன்று எதிரே வரக்கூடும். ஆகவே ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வங்கிப் பக்கத்தில் பாதுகாப்பு எச்சரிக்கை தோன்றினால் மேற்கொண்டு செல்லாதீர்கள். மாதம் ஒரு முறை ரவுட்டரின் டி.என்.எஸ். முகவரி நீங்கள் எழுதியதுதானா என ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. வீட்டிலுள்ள கணனிகளின் பெயர்களையும் இலக்கங்களையும் ஒரு பயிற்சிக் கொப்பியில் பேனாவால் எழுதி, ரவுட்டருக்கு அருகில் தொங்கவிடுங்கள். ஆவணப் பிரதிகளை ஒரு பென் டிரைவிலும் சேமித்து வேறிடத்தில் வையுங்கள். பிழை காணும் ஒழுங்கை வீட்டிலே ஒருவர் மட்டும் தெரிந்திருந்தால், அவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகும் நாளில் அந்த அறிவும் கூடப் போய்விடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இதைக் கற்று, எட்டாம் வகுப்புத் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் கொடுக்கட்டும்.