கூலிக்கு ஒரு தேதி வேண்டும்!

"ப்ரீலான்ஸ்" என்ற ஆங்கிலச் சொல் இன்று வீட்டுக்கு வீடு அடிபடுகிறது. "என் மகன் ப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறான்" என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?

ஸ்காட்லாந்து நாட்டு நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் "ஐவன்ஹோ" என்று ஒரு கதை எழுதினார். 1819-ஆம் ஆண்டின் கடைசியில் அது வெளிவந்தது. அதில் ஒரு வகை ஈட்டி வீரர்கள் வருகிறார்கள். அவர்கள் எந்த அரசனுக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல. யார் கூலி கொடுக்கிறாரோ அவருக்காகச் சண்டை போடுவார்கள். "லான்ஸ்" என்றால் ஈட்டி. "ப்ரீ" என்றால் கட்டு இல்லாதவன். அந்த ஈட்டிக்காரனின் பெயர்தான் பிற்காலத்தில் பேனாக்காரனுக்கு வந்தது!

ஈட்டிக்காரனுக்கு ஒரு வசதி இருந்தது. கூலி வராவிட்டால் ஈட்டியைக் காட்டலாம். பேனாக்காரன் எதைக் காட்டுவான்?

யார் இவர்கள்?

எழுத்தாளர்கள் மட்டும் அல்ல. மொழிபெயர்ப்பவர், அச்சுப் பிழை திருத்துபவர், படம் வரைபவர், கல்யாண வீட்டில் புகைப்படம் எடுப்பவர், வீட்டில் இருந்தபடியே கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுபவர், கம்ப்யூட்டரில் விளம்பரம் தயாரிப்பவர். இவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டம்தான். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இந்தத் தொழிலில் நன்மை உண்டு. காலையில் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு தாய் நாலு காசு சம்பாதிக்கலாம்.

ஆனால் பண்டிகை போனஸ் கிடையாது. காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு கிடையாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. வேலைக்குத் தேதி உண்டு. கூலிக்குத் தேதி இல்லை!

"வெள்ளிக்கிழமை காலைக்குள் கட்டுரை வேண்டும்" என்பார்கள். விடிய விடிய விழித்து எழுதிக் கொடுப்போம். பணம் எப்போது என்று கேட்டால், "அனுப்பிவிடுகிறோம் சார்" என்பார்கள். அடுத்த மாதம் கேட்டால், "கணக்குப் பிரிவில் இருக்கிறது" என்பார்கள். அதற்கும் அடுத்த மாதம் கேட்டால், போனையே எடுக்க மாட்டார்கள்! ஒரு கட்டுரைக்குரிய சன்மானம் 7 மாதம் கழித்து எனக்கு வந்தது. பால்காரர் 7 மாதம் காத்திருப்பாரா? வீட்டு வாடகை காத்திருக்குமா?

மில் தொழிலாளியின் கதை

மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஏன்? அவருக்குச் சட்டம் ஒரு தேதி குறித்திருக்கிறது.

அது சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளிக்கும் கூலி தாமதமாகத்தான் வந்தது. அபராதம் என்று சொல்லி அதிலும் பிடித்துக்கொண்டார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. அதற்காக ஊண் உறக்கம் இன்றி உழைத்தவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் அதில் திரண்டார்கள். பிறகு நாட்டின் பல பக்கங்களிலும் சங்கங்கள் வளர்ந்தன.

1936-இல் கூலி வழங்கும் சட்டம் பிறந்தது. 1,000 பேருக்குக் குறைந்த ஆலையில் 7 நாளுக்குள், மற்ற ஆலைகளில் 10 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அது 2019-இல் நிறைவேறியது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் விதி.

நல்ல விதி. ஆனால் அது முதலாளியிடம் வேலை பார்க்கும் தொழிலாளிக்கு. நமக்கு முதலாளி யார்? இந்த மாதம் ஒருவர். அடுத்த மாதம் வேறொருவர். ஆகவே அந்த 7-ஆம் தேதி நமக்கு இல்லை.

நியூயார்க்கில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் தனித் தொழில் செய்வோர் ஏராளம். அவர்களும் பாக்கிக்கு அலைந்து கால் தேய்ந்தவர்கள்தான். அவர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். பலன் கிடைத்தது. 2017 மே 15-இல் ஒரு சட்டம் அங்கே அமலுக்கு வந்தது.

"ப்ரீலான்ஸ் என்றால் இலவசம் அல்ல" என்பதே அந்தச் சட்டத்தின் பெயர்! 800 டாலரும் அதற்கு மேலும் பெறும் வேலை என்றால், எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராமல் ஏமாற்றினால் இரண்டு மடங்கு கேட்டு வழக்குப் போடலாம். 2024 ஆகஸ்டு 28 முதல் நியூயார்க் மாநிலம் முழுவதிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் வழி உண்டா?

உண்டு! பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. லேத் பட்டறைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் மட்டும் உரிய சட்டம் என்று நினைக்க வேண்டாம். சேவைத் தொழிலும் அதில் அடங்கும். மொழிபெயர்ப்பவரும் வடிவமைப்பவரும் குறுந்தொழில் செய்பவராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தப் பதிவுக்கு "உத்யம்" என்று பெயர். 2020 ஜூலை 1 முதல் நடைபெறுகிறது. ஆதார் வேண்டும், வருமான வரி பான் எண் வேண்டும். கட்டணம் ஒரு பைசாவும் இல்லை. அரசாங்கத்தின் இணையதளத்தில் நாமே பதிவு செய்யலாம். பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம்.

பதிவு செய்தவருக்குச் சட்டம் என்ன தருகிறது? எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அதில் கண்ட தேதிக்குள் பணம் வர வேண்டும். எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் கெடு 15 நாள். தவறினால் வட்டி! அதுவும் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. கொடுக்காதவர் மீது, மாநில அரசு அமைத்திருக்கும் மன்றத்தில் புகார் செய்யலாம்.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். செயலி வழியாக உணவு கொண்டு தருவோர், வண்டி ஓட்டுவோர் போன்றவர்களை அது முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. செயலி நடத்தும் கம்பெனிகள் தங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது விபத்து, நோய், முதுமை ஆகியவற்றுக்கான ஏற்பாடு. கூலிக்குத் தேதி குறிக்கும் ஏற்பாடு அல்ல.

தனி ஆளால் முடியுமா?

"புகார் செய்தால் அடுத்த வேலை கிடைக்காதே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். அந்தப் பயம்தான் பாக்கி வைப்பவருக்குப் பலம். பயம் போக வேண்டுமானால் தனி ஆள் கூட்டமாக வேண்டும்.

ஹாலிவுட்டைப் பாருங்கள். அங்கே சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் கதை எழுதுவோர் படத்துக்குப் படம் வேலை தேடுகிறவர்கள். ஆனால் அவர்களுக்குச் சங்கம் உண்டு. 2023 மே 2-இல் பேனாவைக் கீழே வைத்தார்கள். 148 நாள் வேலைநிறுத்தம்! ஊதிய உயர்வு கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற உறுதியும் கிடைத்தது. இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில் இது சின்ன வெற்றியா?

இன்றே செய்யக் கூடியவை

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே நாலு விஷயங்களை எழுதி வாங்குங்கள். என்ன வேலை, எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் பணம், எத்தனை முறை திருத்தம் செய்து தர வேண்டும். முத்திரைத்தாள் தேவை இல்லை. ஈமெயிலில் ஒரு வரி பதில் வந்தாலும் அது சாட்சி. பெரிய வேலை என்றால் முன்பணம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கொத்தனாரும் தையற்காரரும் முன்பணம் கேட்டால் நாம் கொடுக்கவில்லையா?

வேலை கொடுக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் மேஜையில் தூங்குகிற ஒரு பில், வேறொரு வீட்டில் பள்ளிக் கட்டணம். ஒரு பாட்டியின் மருந்து. நீங்கள் தரப்போகும் பணம்தான்! அதை ஒரு தேதி சொல்லித் தாருங்கள்.

மில் தொழிலாளிக்கு 7-ஆம் தேதி கிடைக்கப் பல ஆண்டு ஆயிற்று. நமக்கும் ஒரு தேதி வரும். கேட்டால் வரும், சேர்ந்து கேட்டால் சீக்கிரம் வரும்!