மூச்சைக் காக்கும் மூளை நீர்

சிறிது நேரம் மூச்சை அடக்கிப் பாருங்கள். அரை நிமிடம் கழிந்ததும் நெஞ்சு முட்டும். மேலும் சற்று நேரத்தில் நம்மையும் மீறி மூச்சு வெளிப்பட்டுவிடும். பிராணவாயு தீர்ந்துபோனதால்தான் இந்தத் தவிப்பு என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது காரணமன்று. வெளியேற வழியின்றி உடலில் சேரும் கரியமில வாயுவே நம்மை மூச்சு விடத் தூண்டுகிறது. பிரிட்டிஷ் அறிஞர்களான ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினர்.

அந்தத் தூண்டுதல் எங்கே பிறக்கிறது? மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து பளிங்கு போன்ற நீர் ஒன்று உள்ளது. வளர்ந்த மனிதரிடம் அதன் அளவு ஏறத்தாழ 150 மில்லி லிட்டர். இரத்தத்திலுள்ள அமிலமும் காரமும் இந்நீருக்குள் எளிதில் புக முடியாது. கரியமில வாயுவுக்கு மட்டும் அந்தத் தடையில்லை. அது உள்ளே நுழைந்து நீருடன் கூடி அமிலமாகிறது. அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் புரதம் இரத்தத்தில் நிறைய உண்டு; மூளை நீரிலோ மிகக் குறைவு. எனவே சிறிதளவு வாயு மிகுந்தாலும் அந்நீரின் அமிலத்தன்மை உடனே ஏறிவிடுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலுள்ள உணர்வணுக்கள் அதனை அறிந்து மூச்சை விரைவுபடுத்துகின்றன. மிகுதி வாயு வெளியேறியதும் அமிலம் தணிகிறது, மூச்சும் சீராகிறது. உறக்கத்திலும் ஓயாமல் நடைபெறும் காவல் இது.

இந்தக் காவல் தளர்ந்துபோவதும் உண்டு. பல்லாண்டுகள் பீடி, சிகரெட் புகைத்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த தாய்மார்களுக்கும் நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. நோய் முற்றிய சிலரின் உடலில் கரியமில வாயு நிலையாகத் தேங்கிவிடும். நாளடைவில் மூளை நீரில் காரத்தன்மையுள்ள பைகார்பனேட் உப்பு பெருகி அமிலத்தை ஈடுசெய்துவிடுகிறது. வாயு மிகுந்திருந்தும் முகுளத்திற்கு எச்சரிக்கை எட்டுவதில்லை. அந்நிலையில், பிராணவாயுக் குறைவை உணரும் கழுத்துக் குழாய்களின் தூண்டுதலும் மூச்சுக்கு முக்கியத் துணையாகிறது.

இத்தகைய ஒருவருக்கு வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இரவில் வாப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. பாசத்தால் பதறி, மருத்துவர் குறித்த அளவைவிடக் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிடுகிறோம். சற்று நேரத்தில் அவர் கண்ணயர்கிறார். 'நிம்மதியாக உறங்குகிறார்' என்று நாமும் மகிழ்கிறோம். அது நிம்மதியான உறக்கம்தானா என்பதே கேள்வி! அளவு மீறிய பிராணவாயு மூச்சின் தூண்டுதலைத் தணிக்கிறது. நுரையீரலின் பழுதுற்ற பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. கரியமில வாயுவைச் சுமந்து செல்லும் இரத்தத்தின் திறனையும் குறைக்கிறது. இவையெல்லாம் சேர, வாயு மேலும் தேங்கி மூளையை மயக்கத்தில் ஆழ்த்துகிறது. கவனியாவிடில் உயிருக்கே ஆபத்து.

எனவே அளந்து கொடுப்பதே சிகிச்சை. இதற்காகவே டாக்டர் கேம்பெல் 1960-இல் வெஞ்சுரி முகமூடியை அறிமுகப்படுத்தினார். இன்றும் மருத்துவமனைகளில் அது பயன்படுகிறது. விரலில் மாட்டும் கருவியில் நலமுள்ளவர்களுக்கு 95-க்கு மேல் காட்டுவது இயல்பு. வாயு தேங்கும் இயல்புள்ள நோயாளிக்கோ 88 முதல் 92 வரை இருந்தால் போதுமென்று மருத்துவர்கள் வரையறுக்கின்றனர். உங்கள் வீட்டு நோயாளி இந்த வகையினரா என்பதை மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துச் செய்யும் வாயுச் சோதனை காட்டிவிடும். மருத்துவரிடம் அதனைக் கேட்டறிந்து, உரிய அளவைத் தாளில் எழுதிச் சிலிண்டர் அருகே ஒட்டிவையுங்கள்.

காலையில் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், பேச்சில் தடுமாற்றம், நீட்டிய கைகளில் உதறல் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்காக அச்சத்தில் ஆக்ஸிஜனை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. பிராணவாயுக் குறைவும் உயிரைப் பறிக்கும். குறித்த அளவிலேயே அது தொடர வேண்டும். நோயாளியை எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எழுப்பியும் விழிக்காத உறக்கத்தை ஒருபோதும் ஓய்வென்று எண்ணிவிடாதீர்கள்.