சூடேறும் தளத்தின்மீது தேக்குப் பலகை

சித்திரை மாதத்து மாலையில் திருவரங்கம் கோயிலின் திறந்த வெளிக் கல்தளத்தில் நடந்தவர்கள் அறிவார்கள்: கதிரவன் சாய்ந்த பின்னும் கல் தன்னுள் வாங்கிய அனலை உமிழ்ந்துகொண்டே இருக்கும். வீசும் காற்று குளிர்ந்திருந்தாலும் கணுக்கால் வரை வெம்மை உறைக்கும். நமக்கு வேதனையான இந்த இயல்பையே குளிர்நாட்டார் வரமாக மாற்றிக்கொண்டனர். பண்டைய உரோமையர் குளியல் மண்டபங்களின் தளத்தைச் சிறு தூண்கள்மீது அமைத்து, அவற்றினிடையே சூடான காற்றைச் செலுத்தினர். கொரிய நாட்டார் அடுப்புப் புகையைத் தளத்தடியில் ஓடவிட்டு அதன்மேல் படுத்துறங்கினர். 'ஓண்டோல்' என்பது அதன் பெயர். இன்று சிமெந்துப் பூச்சினுள் நெகிழிக் குழாய்களைப் பதித்து, வெந்நீரை ஓடவிடுகின்றனர்.

இச்செய்தி திருச்சியில் வாழும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பங்குகளில் கனடாவிலோ ஐரோப்பாவிலோ மக்களைக் குடியமர்த்தியுள்ள குடும்பங்கள் பல. அங்கே மகன் புதுவீடு கட்டுகிறான். இங்கே பாட்டனார் கட்டிய பழைய வீடு இடிபடுகிறது. அதன் தேக்கு உத்திரங்களை அகலமான பலகைகளாக அறுத்து அனுப்பினால், பேரப்பிள்ளைகள் அவற்றின்மீது தவழுவார்களே என்ற ஆவல் பெற்றோருக்கு எழுகிறது. அது வீண் ஆசை அன்று. குடும்பத்தின் நினைவு விறகுக்கடைக்குப் போகாமல் காக்கும் முயற்சி. ஆயினும் முறையறியாமல் செய்தால் பணமும் போகும், மரமும் போகும்.

பலரும் வெப்பத்தையே அஞ்சுகின்றனர். மரத்தளத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என்பது அந்நாடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நம் ஊரில் மே மாதத்தில் வீட்டுத் தரையே அதைவிடச் சூடாக இருக்கும்! அந்தக் கோடையைப் பல தலைமுறைகளாகத் தாங்கிய தேக்குக் கதவுகள் நம் வீடுகளில் இன்னும் நிற்கின்றன. ஆகவே குற்றவாளி வெப்பம் மட்டும் அன்று, வறட்சியே. உறைபனிக் காலத்துக் காற்றில் நீராவி மிகக் குறைவு. அக்காற்றை வீட்டினுள் சூடாக்கும்போது அது மரத்திலுள்ள ஈரத்தைத் தேடி உறிஞ்சுகிறது. அடியிலிருந்தும் தளம் சுடுமானால் உலர்தல் இன்னும் விரைவுபடும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த திருவரங்கத்தில் ஐப்பசி மழையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், பங்குனியில் தளர்வதும் யாவரும் கண்டதே. ஈரம் ஏற ஏற மரம் அகலத்தில் பெருக்கும். இறங்க இறங்கச் சுருங்கும். நீளத்தில் மாறுதல் மிகச் சொற்பம். இதையறிந்தே, சூசையப்பரின் தொழிலைச் செய்யும் நம் தச்சர்கள் கதவின் நடுப்பலகையை ஆணியால் இறுக்காமல், சட்டத்தின் காடியில் அசைய இடம்விட்டு நிறுத்துகின்றனர். தளத்துக்கோ அத்தகைய சட்டம் இல்லை. ஒவ்வொரு பலகையின் சுருக்கமும் இரு பலகைகளுக்கிடையே சந்தாக வெளிப்படும்.

கணக்குப் பார்ப்போம். இங்கே உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரம் இருக்கும். அங்கே குளிர்காலத்தில் அது 7 விழுக்காட்டுக்கு இறங்கலாம். 20 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை இதனால் சுமார் 2 மில்லிமீட்டர் சுருங்கும். அச்சந்தில் சன்ன அரிசி விழுந்துவிடும். அதே அகல ஓக் பலகையாயின் 3 மில்லிமீட்டருக்கும் மேல் சுருங்கும். 6 சென்டிமீட்டர் தேக்குப் பலகையிலோ சுருக்கம் அரை மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். இக்கணக்கு மரவளையங்களைத் தழுவி அறுத்த பலகைக்கு உரியது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் தேக்கின் சுருக்கம் ஏறத்தாழப் பாதியாக இறங்கும். ஆகையால் அறுப்பதற்கு முன்னரே ஆலைக்காரரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். பழைய ஆணிகளையும் அப்போதே பிடுங்கிவிட வேண்டும்.

அறுத்த பலகையைச் சூளையில் மீண்டும் உலர்த்தி ஈரத்தை 7 விழுக்காடு அளவுக்கு இறக்குவது முதற்பணி. நூறாண்டு வீட்டில் இருந்த மரந்தானே என்று இதைத் தவிர்ப்பது பெரும்பிழை. மரத்தின் வயது அதன் ஈரத்தைச் சொல்லாது. அங்கே போனதும், பலகைகளிடையே குச்சிகள் வைத்து அடுக்கி, அவ்வீட்டுக் காற்றோடு சில வாரங்கள் பழகவிட வேண்டும்.

அடுத்தது சிமெந்துப் பூச்சு. மூன்று வாரமாவது ஆறிய பின், மரம் பதிப்பதற்கு முன்பாகவே குழாய்களில் வெந்நீரை ஓடவிட்டு, வெப்பத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பூச்சை உலர்த்துவர். இதில் அவசரப்பட்டால் பூச்சின் ஈரம் பலகையின் அடியில் ஏறி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். பலகையின் அடி அளவுமீறி உலர்ந்தாலோ நடுப்பகுதி மேடாகும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதைத் துடைத்து நீக்காமல் தடவிய பசை நம்பத்தக்கதன்று.

அகலம் வேண்டுமென்றே மகன் பிடிவாதம் பிடித்தால் ஒரு வழி உண்டு. தேக்கை நான்கைந்து மில்லிமீட்டர் ஏடாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகையின்மேல் பதிக்கலாம். குறுக்கே கிடக்கும் அடுக்கு மேலேட்டின் அசைவைத் தடுக்கும். ஒரே உத்திரம் அதிகப் பரப்புக்கும் உதவும். என் எண்ணத்தில் அதுவே சிறந்தது. முழுமரமே வேண்டுவோர் அகலத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். எதுவாயினும், தடித்த கம்பளத்தை அதன்மேல் விரிக்கலாகாது. அனல் அடியிலேயே தேங்கி மரத்தை வாட்டும். குளிரில் மூட்டுவலியோடு போய்த் தங்கும் தாய்தந்தையர் வெப்பத்தைக் கூட்டச் சொல்வது இயல்பு. அவர்கள் காலுறை அணிந்துகொள்வது தளத்துக்கு நல்லது!

மரம் நாடு கடப்பதற்கான ஏற்றுமதி விதிகளையும், பூச்சித் தடுப்புச் சான்று பற்றிய விதிகளையும் வீட்டை இடிக்கும் முன்பே கேட்டறிக. அனுமதி கிட்டாவிடினும் உத்திரம் வீணாகாது. தம்பிமார் இங்கே கட்டும் வீட்டுக்கு நிலைகளும் கதவுகளும் ஆகும். எஞ்சிய துண்டில் ஒரு செபமேடை செய்து, பெட்டியில் வைத்து மகனுக்குக் கொண்டுபோகலாம். அதன் மேற்பலகையையும் காடியில் சற்றுத் தளர்வாகவே பொருத்தச் சொல்லுங்கள்.